பனிக்கட்டியின் புறமும் பண்புமாற்றமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

அளவுமாற்றம் பண்புமாற்றமாகும் விதியை விளக்கப் புகுவோர் நீரையும் பனிக்கட்டியையுமே பெரிதும் எடுத்துக்காட்டுவர். ஹெகலிடமிருந்து பெற்று, 1878இல் நூலுருவான ‘டூரிங்குக்கு மறுப்’பில் ஏங்கல்ஸ் கையாண்ட உதாரணம் அது. றொசல்லயில் தோட்ட இளைஞர் சிலருடன் அப்பகுதியைப் படித்தபொழுது ஒருவர் வினவினார்: தண்ணீரில் மிதக்கும் ஐஸ்கட்டிகள் இரண்டு தொட்டவுடன் ஒட்டிக்கொள்கின்றனவே, உருகிக்கொண்டிருப்பவை எவ்வாறு உறைந்தன? நாம் விடையறியாது நின்றோம்.

அவ்வினாவை 1850 யூனில் இலண்டன் றோயல் நிறுவகத்தில் மைக்கேல் பரடே எழுப்பியிருந்தார். கொல்லரின் மகனான அவர், புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர், உயர்கணிதம் கல்லாதவர். பனிக்கட்டியின் புறத்தே மென்னீர்ப் படலம் ஒன்றுண்டு, இரு கட்டிகளிடையே அகப்படுகையில் அது புறமாயிருத்தல் நீங்கி உறைகின்றது என்பது அவர் விளக்கம். ஜேம்ஸ் தொம்சன் இதனை மறுத்தார். அமுக்கம் கூட உருகுநிலை தாழும் என அவர் 1849இல் கணித்ததைத் தம்பி வில்லியம் (பின்னாளிற் கெல்வின் பிரபு) 1850இற் பரிசோதித்து உறுதிசெய்திருந்தார். விதி சரியானதே. ஆயின் உருகுநிலையை ஒரு பாகை தாழ்த்த ஏறத்தாழ 130 வளிமண்டல அமுக்கம் வேண்டும். மெல்லத் தொடும் கட்டிகளிடை அது ஏது? பரடே மீண்டும் பரிசோதனைகள் செய்து காட்டியும், பாடநூல்கள் நெடுங்காலம் அமுக்கத்தையே ஓதின. இதனை வர்க்கச் சார்பு என்று சொல்லி முடித்துவிடல் எளிது. நாம் அவ்வாறு சொல்லோம். 1850இல் பரடேயின் புகழ் ஓங்கியே இருந்தது. அப்படலத்தை அளக்கும் கருவிதான் அன்று இருக்கவில்லை.

புறத்திலுள்ள மூலக்கூறுக்கு ஒரு பக்கத்தில் அயலார் இல்லை, பிணைப்புக் குறைவு. எனவே அகம் திண்மமாயிருக்கையிலேயே புறம் தளர்கின்றது. சுழியப் பாகைக்குக் கீழேயே தோன்றும் இப்படலம் முற்றிய நீரன்று, முற்றிய பளிங்குமன்று. சுழியத்தை அண்மிக்க அது தடிக்கின்றது. பனிக்கட்டிக்கு மாத்திரம் உரியதன்று இது. 1985இல் நெதர்லாந்தின் பிரெங்கன், வான் டெர் வீன் ஆகியோர் அயன் கற்றைகளைச் செலுத்தி, 327 பாகையில் உருகும் ஈயத்தின் ஒரு முகம் அதற்கு ஏறத்தாழ 40 பாகை முன்னரே குலையத் தொடங்குவதைக் கண்டனர். அணுக்கள் மிக நெருங்கியடுக்கிய மற்றொரு முகமோ உருகுநிலைவரை குலையாதிருக்கின்றது.

கட்டி முழுவதும் உருகுவது சுழியத்திலேயே; ஏங்கல்ஸ் கூற்று அங்கே பிழைபடவில்லை. ஆனால் அப்பாய்ச்சல் இருதிசையிலும் ஒரேவிதமானதென நாம் கற்பித்துவந்தமை பிழை. தூய நீரைச் சுழியத்துக்குக் கீழும் உறையாது குளிர்விக்கலாம். அதற்குப் பளிங்கின் கரு வேண்டும். புறம் திறந்த பனிக்கட்டியைச் சுழியத்துக்குமேல் உருகாது சூடாக்குதல் அரிது. உருகலின் தொடக்கத்தை அது தன் புறத்திலேயே ஏற்கெனவே கொண்டுள்ளது.