நுரையைத் தாங்கும் எண்ணெய்

இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டு, பஞ்சு கொட்டுகிறவரைக் கூப்பிட்டு அடித்துத் தைத்துக்கொண்ட தலைமுறை நம்முடையது. பிறகு தென்னைநார் மெத்தை வந்தது. அப்புறம் ஃபோம் வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டது. இன்று சோபா, கார் சீட், தலையணை என்று எதைப் பிரித்தாலும் உள்ளே இருப்பது பாலியூரிதேன் நுரைதான்.

அந்த நுரை பொங்கி எழுந்து கெட்டியாவதற்குள் குமிழிகள் உடைந்துவிடாமல் பிடித்துவைக்க ஒரு எண்ணெய் தேவை. அதற்குப் பெயர் சிலிக்கோன்-பாலிஈதர். நூறு பங்கு மூலப்பொருளுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு சேர்த்தால் போதும். சேர்க்காவிட்டால், அடுப்பை அணைத்ததும் பொங்கிய பால் அடங்குவதுபோல நுரையும் அடங்கிப்போகும்.

மெத்தைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இந்த எண்ணெயைப் பற்றி எதற்கு ஒரு கட்டுரை என்று கேட்கலாம். இதைச் செய்யும் முறை ஐம்பது, அறுபது ஆண்டுகளில் எப்படி மாறியது என்ற கதையில், ராயபுரம் முதல் எண்ணூர் வரை குடியிருக்கும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதனால்தான்.

எண்ணெயின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாதி சிலிக்கோன், மறுபாதி பாலிஈதர். கிளை பிரிந்த வகையில் நடுவே ஒரு கணு இருக்கும். அதிலிருந்து மூன்று சிலிக்கோன் கிளைகள் புறப்படும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு பாலிஈதர் வால். கேள்வி ஒன்றுதான்: வாலைக் கிளையோடு எப்படி ஒட்டுவது?

இந்த வகை எண்ணெய்க்கு 1958-ல் அமெரிக்காவில் பெய்லி, ஓ'கானர் என்ற இருவர் பெயரில் காப்புரிமை வெளிவந்தது. அவர்கள் வேலை பார்த்தது யூனியன் கார்பைடில். நம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எவரெடி பேட்டரி செய்த அதே கம்பெனிதான். அவர்கள் முறையில் ஒட்டும்போது வெளியே வந்தது சாராயம், அதாவது எத்தனால். தீப்பிடிக்கும், ஆனால் ஊரை மூச்சுத்திணற வைக்காது.

ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து கோல்ட்ஷ்மிட் கம்பெனி வேறு வழியில் போனது. அங்கே குளோரின் ஏறிய சிலிக்கோனைப் பாலிஈதரோடு சேர்த்தார்கள். அந்த வினையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். அதை அடக்க அம்மோனியா விட வேண்டும். இரண்டும் சேர்ந்து உப்பாகப் படியும், அதை வடிகட்ட வேண்டும். கரைப்பானாக டொலுவீன் வேறு. கடைசியில் கிடைக்கும் எண்ணெயில் குளோரினும் இல்லை, அம்மோனியாவும் இல்லை. இரண்டு நச்சு வாயுக்களைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்து, ஒன்றால் மற்றொன்றைக் கொன்று, உப்பாக்கி வெளியே தள்ளுகிற வழி இது.

மூன்றாவது வழி பிளாட்டினத்தை வினையூக்கியாக வைத்து ஒட்டுவது. 1957-ல் டவ் கார்னிங்கைச் சேர்ந்த ஸ்பையரும் அவரது கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்விலிருந்து இது வளர்ந்தது. அமிலம் வராது, உப்பு வராது. ஆனால் இதற்கான மூலப்பொருள் ஹைட்ரஜனைத் தாங்கிய சிலிக்கோன். அதில் காரம் பட்டால் ஹைட்ரஜன் வாயு குபுகுபுவென்று கிளம்பும். 2019 மே 3-ம் தேதி இரவு, அமெரிக்காவின் வாக்கீகன் நகரில் ஒரு சிலிக்கோன் ஆலையில் இதுதான் நடந்தது. ஒரே மாதிரி இருந்த டிரம்களில் மாறிப்போன ஒன்று கலவைத் தொட்டிக்குள் போய்விட்டது. கிளம்பிய ஹைட்ரஜன் கட்டடத்துக்குள் நிறைந்து வெடித்தது. 4 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இப்போது அந்த ஜெர்மன் கம்பெனியின் வாரிசான எவோனிக் இன்னொரு வழியைக் காப்புரிமைகளில் விவரித்திருக்கிறது. சிலிக்கோனில் குளோரின் இருந்த இடத்தில் அசெட்டாக்சி என்ற தொகுதியை வைப்பது. அப்போது ஒட்டும்போது வெளிவருவது அசெட்டிக் அமிலம், வினிகரில் இருப்பது. குளியலறை ஓரங்களில் சிலிக்கோன் பசை பூசும்போது புளித்த வாடை அடிக்குமே, அதே அமிலம். செறிவாக இருந்தால் அதுவும் தோலைப் பொசுக்கும். ஆனாலும் அது திரவம், காற்றில் ஊர்ந்துபோய்த் தெருவைப் பிடிக்கிற வாயு அல்ல.

இது சிலிக்கோன் பாதியின் கதை. பாலிஈதர் பாதி நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

மணலியில் 1969-ல் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. அப்போது மெட்ராஸ் ரிஃபைனரீஸ், இன்று சி.பி.சி.எல். அங்கிருந்து கிடைக்கும் புரோப்பிலீன் வாயுவை நம்பி 1986-ல் மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் நிறுவப்பட்டு, 1990-ல் உற்பத்தி தொடங்கியது. புரோப்பிலீனைப் புரோப்பிலீன் ஆக்சைடாக்கி, அதிலிருந்து நுரைக்கான பாலிஈதர் பாலியாலைச் செய்கிறார்கள். சிலிக்கோன் எண்ணெயின் வாலும் இதே குடும்பத்துப் பொருள்.

இங்கே எடுத்துக்கொண்டது குளோரோஹைட்ரின் வழி. புரோப்பிலீனில் குளோரினும் தண்ணீரும் சேர்த்து, பிறகு சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அணு எடைகளை வைத்துக் கணக்குப் போட்டால், 1 டன் புரோப்பிலீன் ஆக்சைடுக்குக் குறைந்தது 1.2 டன் குளோரின் வேண்டும். வெளியே குறைந்தது 1.9 டன் கால்சியம் குளோரைடு உப்பு, ஏராளமான தண்ணீரில் கரைந்து வரும். செய்த பொருளில் குளோரின் ஓர் அணுகூட இருக்காது. வந்த குளோரின் பெரும்பாலும் உப்பாகத்தான் போகிறது. கோல்ட்ஷ்மிட் கதையில் பார்த்த அதே கணக்கு.

வேறு வழி இல்லையா என்றால், உண்டு. இதன் அண்ணன் முறையான எத்திலீன் ஆக்சைடும் ஒரு காலத்தில் குளோரின் வழியாகத்தான் தயாரானது. 1931-ல் லெஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் வெள்ளியை வினையூக்கியாக வைத்து, ஆக்சிஜனை நேரடியாகச் சேர்த்துக் காட்டினார். 1937-ல் யூனியன் கார்பைடு அதைத் தொழிலாக்கியது. பிற்பாடு குளோரின் வழி வழக்கொழிந்தது. தம்பியான புரோப்பிலீன் ஆக்சைடு அவ்வளவு சுலபமாக வழிக்கு வரவில்லை. 2008-ல்தான் தென்கொரியாவின் உல்சானிலும், அந்த ஆண்டே பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலும் ஹைட்ரஜன் பெராக்சைடு வழி பெரிய அளவில் ஓடத் தொடங்கியது. அதில் கூடவே உண்டாவது தண்ணீர்தான். பெராக்சைடையும் அலட்சியமாகக் கையாள முடியாது, முதலீடும் அதிகம். ஆனால் குளோரின் இல்லை, உப்பு மலையும் இல்லை.

பொருள் ஒன்று, பாதை பல என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு போபாலைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அங்கே செய்தது செவின் என்ற பூச்சிமருந்து. அந்த நச்சுப்பொருள் இல்லாமலே, வினைகளின் வரிசையை மாற்றி, அதே மருந்தைச் செய்யும் வழி ஏற்கெனவே இருந்தது. அதிலும் ஃபாஸ்ஜீன் உண்டு, அபாயம் பூராவும் போய்விடாது. ஆனால் அன்றிரவு தொட்டியில் இருந்த பொருள் இருந்திருக்காது.

1974-ல் இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ஆலை வெடித்து 28 பேர் இறந்த பிறகு, ட்ரெவர் கிளெட்ஸ் என்ற பாதுகாப்புப் பொறியாளர் இதையே வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். சைரன், வால்வு, முகமூடி எல்லாம் அப்புறம். முதலில் அந்த ஆபத்தான பொருள் உனக்குத் தேவையா, அத்தனை டன் தேவையா என்று பார் என்பது அவர் வாதம்.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில், கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். உரத்துக்கு அம்மோனியா வேண்டும், அதை ஒரேயடியாக விலக்க முடியாது. ஆனால் ஒரு நேரத்தில் எவ்வளவு, எந்த வழியாக, யார் வீட்டுக்கு எத்தனை அடி தள்ளி என்பதெல்லாம் மனிதர்கள் முடிவு செய்வதுதான்.

நம் பகுதியில் ஆலை விரிவாக்கம் என்று கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது வேலைவாய்ப்பு, சாலை, பள்ளிக்கூடம் பற்றிக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். கூடவே மூன்று கேள்விகளையும் கேட்டுப் பழக வேண்டும். உள்ளே எந்தப் பொருளை எத்தனை டன் சேமித்து வைப்பீர்கள்? செய்யும் பொருளோடு கூடவே என்ன வெளிவரும், அது எங்கே போகும்? இதே பொருளை இந்த ஆபத்து இல்லாமல் செய்யும் வழி உலகில் எங்காவது ஓடுகிறதா? ஓடுகிறது என்றால், இங்கே ஏன் இல்லை?

பதில் சொல்ல ரசாயனம் படித்தவர்கள் வேண்டும். கேட்பதற்கு இந்த ஊரில் குடியிருந்தாலே போதும்.