விதியும் விவேகமும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டுப் பழமொழி. அரசியல் அறிவுக்கும் இது பொருந்துமா? நூல்கள் வகுத்த பொது விதிகள் நாடாள்வோருக்கு வழிகாட்டுமா, அன்றிப் பட்டறிவு ஒன்றே துணையாகுமா? ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியில், பிளாரன்ஸ் நகரத்தார் இருவர் இவ்வினாவில் கருத்து வேறுபட்டனர். அவர்களைப் பற்றியே உங்களிடம் பேச விரும்புகிறேன்.

மூத்தவர் நிக்கோலோ மாக்கியவல்லி (1469-1527). இளையவர் பிரான்செஸ்கோ குவிச்சார்தினி (1483-1540). இருவரும் நண்பர்கள், இருவரும் அரசுப் பணியில் பழுத்தவர்கள்.

மாக்கியவல்லி 1498 முதல் 1512 வரை பிளாரன்ஸ் குடியரசின் செயலாளர்களுள் ஒருவராக இருந்தார். மனித இயல்பு என்றும் ஒன்றே. ஆதலால் பண்டை ரோமானியரின் வெற்றிக்குரிய காரணங்களை ஆராய்ந்தால் எக்காலத்துக்கும் உதவும் விதிகள் கிடைக்கும் என்பது அவர் துணிபு. கூலிப்படையை நம்பாமல் சொந்தக் குடிகளையே படையாக்க வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அவர் முயற்சியால் 1506-இல் நாட்டுப்புற மக்களைக் கொண்ட குடிப்படை அமைந்தது. 1512 ஆகஸ்டில் ஸ்பானியப் படை பிராத்தோ நகரைத் தாக்கியது. போரில் பழகிய அவ்வீரர்களின் முன் குடிப்படை நிலைகுலைந்து ஓடியது. நகரம் சூறையாடப்பட்டது, குடியரசு வீழ்ந்தது, மெடிசி குடும்பத்தார் மீண்டும் தலையெடுத்தனர். மாக்கியவல்லி பதவி இழந்தார். மறு ஆண்டு சிறையும் சித்திரவதையும் கண்டார். ஆயினும், 1513-இல் எழுதிய ‘அரசன்’ என்னும் நூலிலும் அதே விதியை வற்புறுத்தினார்.

குவிச்சார்தினி ஸ்பெயினில் தூதராகவும், மோடெனா முதலிய இடங்களில் போப்பாண்டவரின் ஆளுநராகவும் இருந்தவர். எதற்கெடுத்தாலும் ரோமானியரைச் சான்று காட்டுவது அவருக்கு உடன்பாடன்று. கழுதையிடம் குதிரையின் ஓட்டத்தை எதிர்பார்ப்பதற்கு அதை ஒப்பிட்டார். சூழ்நிலைக்குச் சூழ்நிலை வேற்றுமை உண்டு. விதிக்கு விலக்குகள் மிகுதி. அவற்றைப் பிரித்தறியும் விவேகத்தை நூல்கள் கற்பிப்பதில்லை என்று தம் சிந்தனைக் குறிப்புகளில் எழுதிவைத்தார்.

அங்ஙனமாயின் விவேகி தோற்றதே இல்லையா? தோற்றார். 1526-இல், பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு எதிராகப் பிரான்சுடன் சேருமாறு போப்பாண்டவர் ஏழாம் கிளமெண்டுக்கு ஆலோசனை கூறியவர்களுள் அவரும் ஒருவர். விளைவு, 1527 மே மாதத்தில் பேரரசரின் படை ரோமாபுரியையே சூறையாடியது. 1537-இல், பதினேழு வயதுக் கோசிமோ பிளாரன்ஸின் தலைவனாகத் துணைநின்றார். இளைஞன் தம் சொற்படி நடப்பான் என்று கருதினார். கோசிமோவோ அவரை ஒதுக்கிவிட்டுத் தானே ஆண்டான்.

ஒதுக்கப்பட்ட அம்முதியவர் எஞ்சிய நாட்களில் எழுதியதே ‘இத்தாலியின் வரலாறு’. அது அவர் மறைந்தபின் 1561-இல் அச்சேறியது. 1494 முதல் 1534 வரையிலான நிகழ்ச்சிகளைக் கூறும் அந்நூலில், மன்னரும் மதகுருவும் எதை விரும்பினர், எதற்கு அஞ்சினர், எங்ஙனம் கணக்குத் தவறினர் என்பதை ஒவ்வொன்றாக விளக்குகிறார்.

மாணவ நண்பர்களே! விதி மட்டும் பிராத்தோவைக் காக்கவில்லை. பட்டறிவு மட்டும் ரோமாபுரியைக் காக்கவில்லை. விதியின்றி நிகழ்ச்சிகளைக் கோவைப்படுத்த இயலாது என்பதும் உண்மையே. எனினும், வரலாற்றில் ஒரு விதியைக் காணும்போது, அது எந்த ஊரில், எவர் கையில், எந்நிலையில் பலித்தது என்று கேட்டுப் பாருங்கள். குவிச்சார்தினியிடம் நான் கற்ற பாடம் இதுவே.