சிலந்திப்பேன் கட்டுப்பாட்டில் நறுமண எண்ணெய்கள்

பயிர்களைத் தாக்கும் சிலந்திப்பேன்களைத் தாவர நறுமண எண்ணெய்களைக் கொண்டு அழிப்பதும் விரட்டுவதும் இயற்கைசார் பயிர்ப்பாதுகாப்பு முறைகளுள் ஒன்றாகும். ரோசுமேரி, தைம், கிராம்பு, புதினா, எலுமிச்சைப்புல் முதலியவற்றின் எண்ணெய்கள் இதற்கென ஆராயப்பட்டுள்ளன. இவை பெரும்பாலும் இலை, மொட்டு, பூ ஆகியவற்றை நீராவியில் வடித்துப் பெறப்படுகின்றன.

வேப்பெண்ணெய் இவ்வகையைச் சேர்ந்தது அன்று. அது வித்துகளைப் பிழிந்து எடுக்கப்படும், எளிதில் ஆவியாகாத கொழுப்பு எண்ணெய். இரண்டும் தாவர எண்ணெய்களே என்பதால் இவை அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. 1998இல் கேரளத்தில் கண்டறியப்பட்டுத் தமிழகத்துத் தென்னந்தோப்புகளுக்கும் பரவிய ஈரியோபைட் சிலந்திக்குப் பரிந்துரைக்கப்பட்ட வேப்பெண்ணெய்-பூண்டுக் கரைசல் இக்கட்டுரையின் பொருளில் அடங்காது.

இருபுள்ளிச் சிலந்திப்பேன்

இம்முறை மிகுதியாகச் சோதிக்கப்பட்ட உயிரி இருபுள்ளிச் சிலந்திப்பேன் (டெட்ராநிக்கசு உர்ட்டிகே) ஆகும். இது பூச்சி அன்று. எட்டுக் கால்களுடைய, சிலந்திக்கு உறவான கணுக்காலி. முதிர்ந்த பெண் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமுடையது. இலையின் அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை பின்னி, கலங்களைத் துளைத்து அவற்றின் உள்ளடக்கத்தை உறிஞ்சுகிறது. இலையில் முதலில் வெளிறிய புள்ளிகள் தோன்றும். பின்னர் இலை பழுப்பேறி உதிரும். தக்காளி, கத்தரி, அவரை, வெள்ளரி, ரோசா என ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்களில் இது காணப்படுகிறது.

வெப்பமான, உலர்ந்த காலநிலையில் முட்டையிலிருந்து முதிர்நிலையை அடைய ஒரு வாரம் முதல் பத்து நாட்களே போதும். கருவுறாத முட்டைகளிலிருந்து ஆண்கள் பிறக்கின்றன. ஆண்களுக்கு ஒற்றைத் தொகுதி நிறப்புரிகளே இருப்பதால், எதிர்ப்புத்திறன் தரும் மரபணு மறைந்திருக்க இயலாது. மருந்து தெளித்தவுடன் அது தேர்ந்தெடுக்கப்பட்டு விரைவில் பரவுகிறது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களுக்கு இவ்வினத்தில் எதிர்ப்புத்திறன் பதிவாகியுள்ளது. மேலும், பல பூச்சிக்கொல்லிகள் சிலந்திப்பேனை உண்ணும் உயிரிகளை அழித்து, அதன் பெருக்கத்துக்கே வழிவகுக்கின்றன. மாற்றுவழி தேடப்பட்டதற்கு இவையே முதன்மைக் காரணங்கள்.

செயல்படும் விதம்

நறுமண எண்ணெய் ஒரே வேதிப்பொருள் அன்று. பல கூறுகளின் கலவை. ரோசுமேரி எண்ணெயில் 1,8-சினியோல், ஆல்ஃபா-பைனீன், கற்பூரம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. நீலகிரித் தைலத்தின் மணத்துக்கும் முதன்மைக் காரணம் இதே சினியோல்தான். கனடாவின் பிரித்தானியக் கொலம்பியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கூறுகளின் நச்சுத்தன்மை சிலந்திப்பேன் வாழும் பயிரைப் பொறுத்து (அவரை, தக்காளி) வேறுபட்டது. முழு எண்ணெயின் வீரியத்தைப் பெறக் கூறுகள் கூட்டாகச் செயல்பட வேண்டியிருந்தது. இத்தகைய கலவைக்கு எதிர்ப்புத்திறன் உருவாவது கடினம் என எதிர்பார்க்கப்படுகிறது.

எண்ணெய் உடலில் படுவதாலும், அதன் ஆவியாலும் சிலந்திப்பேன் இறக்கிறது. கொல்லாத அளவிலும் அதனை விரட்டுகிறது, முட்டையிடுவதையும் பாதிக்கிறது. சில கூறுகள் கணுக்காலிகளின் நரம்பு மண்டலத்தில் உள்ள ஆக்டோபமின் ஏற்பிகளைத் தாக்குவதாகக் கருதப்படுகிறது. முதுகெலும்பிகளில் ஆக்டோபமினுக்கு இத்தகைய முதன்மைப் பங்கு இல்லை.

பயனும் குறையும்

விரைவில் ஆவியாவதே இவ்வெண்ணெய்களின் சிறப்பும் குறையுமாகும். எச்சம் தங்குவதில்லை, ஆனால் விளைவும் ஓரிரு நாட்களில் மறைந்துவிடுகிறது. 2006இல் வெளியான, பைங்குடில் தக்காளியில் செய்யப்பட்ட மற்றோர் ஆய்வில், ரோசுமேரி எண்ணெய்த் தயாரிப்பை ஒருமுறை தெளித்தபோது சிலந்திப்பேன்களின் எண்ணிக்கை 52 விழுக்காடு குறைந்தது. தப்பியவை ஒரு தலைமுறைக் காலத்துக்குள் மீண்டும் பெருகக்கூடும் என்பதால் ஒரு தெளிப்பு போதாது. எனினும் சிலந்திப்பேனை உண்ணும் பைட்டோசியுலசு பெர்சிமிலிசு என்னும் நன்மை தரும் பேனுக்கு இத்தயாரிப்பின் தீங்கு குறைவாக இருந்ததால், இரண்டையும் இணைத்துப் பயன்படுத்த இயலும்.

தெளிக்கும்போது இலையின் அடிப்புறம் நன்கு நனைய வேண்டும். எண்ணெய் நீரில் கலவாது. எனவே பால்மமாக்கியுடன் சேர்த்தே தெளிக்கப்படுகிறது. அளவு மிகுந்தால் பயிரே கருகும். கிராம்பு எண்ணெய் களைக்கொல்லியாகவும் விற்கப்படுவது இதனால்தான். செடி விளைந்த நிலம், பருவம், வடித்த முறை ஆகியவற்றுக்கேற்பக் கூறுகளின் அளவு மாறுவதால், ஒரே பெயருடைய இரு எண்ணெய்கள் ஒரே வீரியம் உடையனவாக இருப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் ரோசுமேரி, தைம், கிராம்பு உள்ளிட்ட சில எண்ணெய்களுக்கு, குறைந்த இடர் உடையவை என்ற அடிப்படையில், 1996இல் பூச்சிக்கொல்லிப் பதிவிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.