இடத்திலிருந்து அமைப்புக்கு: ஸ்விஃப்ட் குறியீட்டின் வரலாற்று வளர்ச்சி

முன்னுரை

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர் நிரப்பும் படிவத்தில், கணக்கு எண்ணோடு ‘ஸ்விஃப்ட் கோடு’ என்றொரு கட்டமும் இருக்கும். எட்டு அல்லது பதினொரு குறிகள் கொண்ட இதன் முறையான பெயர் முன்பு வங்கி அடையாளக் குறியீடு; இன்று வணிக அமைப்பு அடையாளக் குறியீடு. பணம் போய்ச் சேரும் ஊரையும் கிளையையும் இது காட்டுகிறது என்பது பரவலான எண்ணம். ஆனால் இது சுட்டுவது பணமாற்றச் செய்தியைப் பெறும் அமைப்பை. இடத்தைச் சுட்டும் பண்பு இக்குறியீட்டிலிருந்து படிப்படியாக நீங்கிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

டெலக்ஸ் காலமும் கூட்டுறவின் பிறப்பும்

பன்னாட்டுப் பணமாற்றத்தில் நாணயத் தாள்கள் எல்லை கடப்பதில்லை. வங்கிகள் ஒன்றில் மற்றொன்று கணக்கு வைத்திருக்கின்றன. செய்தி வந்ததும் அக்கணக்குகளில் பற்றும் வரவும் எழுதப்படுகின்றன. ஆகவே, செய்தி யாரிடமிருந்து வந்தது, யாருக்கு உரியது என்பதில் ஐயம் இருக்கலாகாது.

தந்தியும் அதன் பின் வந்த டெலக்ஸும் இந்தத் தேவையை அரைகுறையாகவே நிறைவேற்றின. அனுப்பும் வங்கி தன் ஆணையை வாக்கியங்களாக எழுதும். பெறும் வங்கியின் ஊழியர் அதைப் படித்துப் பொருள்கொள்வார். செய்தி மெய்யானதா என்று அறிய, இரு வங்கிகளுக்கு மட்டுமே தெரிந்த அட்டவணைகளைக் கொண்டு கையால் கணக்கிட்ட ஒரு சோதனை எண் உண்டு. நாட்டுக்குள் வங்கிகளுக்கு எண்ணிடும் முறை புதிதன்று. அமெரிக்க வங்கியாளர் சங்கம் 1910-லேயே அதைத் தொடங்கியது. ஆனால் எல்லா நாடுகளுக்கும் பொதுவான அடையாளம் எதுவும் இருக்கவில்லை.

1970-களின் தொடக்கத்தில், நியூயார்க்கின் ஃபர்ஸ்ட் நேஷனல் சிட்டி வங்கி ‘மார்ட்டி’ என்ற தன் சொந்தச் செய்தி முறையைத் தொடர்பு வங்கிகளும் பின்பற்ற வேண்டுமென வற்புறுத்தியது. போட்டியாளர் ஒருவரின் முறைக்குள் சிக்கிக்கொள்வோம் என்ற அச்சம் ஐரோப்பிய வங்கிகளைப் பொதுவான வலையமைப்பு ஒன்றை நோக்கி விரைவுபடுத்தியது. 1973 மே மாதம் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் கூடி, பெல்ஜியத்தில் ஸ்விஃப்ட் என்ற கூட்டுறவு நிறுவனத்தை அமைத்தன. 1977-இல் அதன் முதல் செய்தி சென்றது.

குறியீட்டின் கட்டமைப்பு

ஜெர்மனியின் டாய்ச்ச வங்கியின் குறியீடு ‘டி-இ-யு-டி, டி-இ, எஃப்-எஃப்’. முதல் நான்கு எழுத்துகள் வங்கியையும், அடுத்த இரண்டு நாட்டையும், கடைசி இரண்டு ஃபிராங்க்ஃபர்ட் நகரையும் குறித்தன. கிளையைச் சுட்ட வேண்டுமானால் மேலும் மூன்று சேரும். நாட்டெழுத்துகள் 1974-இல் வெளியான ஐஎஸ்ஓ 3166 தரத்திலிருந்து வந்தவை.

இந்த அமைப்பு 1987-இல் ஐஎஸ்ஓ 9362 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. குறியீடுகளைப் பதிவுசெய்யும் பொறுப்பு ஸ்விஃப்ட்டிடமே உள்ளது. 1997-இல் தரமாக்கப்பட்ட ஐபான் என்ற பன்னாட்டு வங்கிக் கணக்கு எண்ணில் 97-ஆல் வகுத்துப் பிழை காணும் சோதனை இலக்கங்கள் உள்ளன. வங்கிக் குறியீட்டில் அவை இல்லை. பதிவேட்டோடு ஒப்பிட்டே அதைச் சரிபார்க்க முடியும்.

இடம் நீங்கிய விதம்

இட எழுத்துகள் தொடக்கம் முதலே நிலவியலோடு முழுமையாகப் பொருந்தவில்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. ஆனால் அதன் குறியீட்டில் நாட்டெழுத்துகளுக்குப் பின் வருவது, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத ஸ்டேட் வங்கியின் குறியீட்டில் வரும் அதே ‘பி-பி’.

தரத்தின் திருத்தங்கள் இந்த விலகலை முறைப்படுத்தின. 2009-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘வங்கி’ என்ற சொல் ‘வணிக அமைப்பு’ என்று மாறியது. வங்கியல்லாத நிறுவனங்களும் ஒரே முறைக்குள் வந்தன. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு இட எழுத்துகளை வெறும் பின்னொட்டாக்கியது. நகரைக் குறிக்கும் பொருள் அவற்றுக்கு இல்லாமற் போயிற்று. ஐரோப்பாவில் 2016 பிப்ரவரி முதல், எல்லை கடந்த யூரோ மாற்றத்துக்கு வாடிக்கையாளர் ஐபான் எண்ணை மட்டும் தந்தால் போதும், வங்கிக் குறியீட்டைத் தர வேண்டியதில்லை என்றாயிற்று.

இந்தியாவின் ஐஎஃப்எஸ்சி குறியீடும் பதினொரு குறிகள் கொண்டதால் குழப்பம் எழுவதுண்டு. அதில் முதல் நான்கு எழுத்துகள் வங்கி, ஐந்தாவது சுழியம், கடைசி ஆறும் கிளை. அது உள்நாட்டுப் பணமாற்றத்தில் கிளையைக் காட்டுவது. ஸ்விஃப்ட் குறியீடு பன்னாட்டுச் செய்தியை வங்கியிடம் சேர்ப்பது. ஒன்றுக்கு ஈடாக மற்றொன்றை எழுத முடியாது.

அடையாளத்தின் எல்லை

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு ஸ்விஃப்ட் வழியாக 35 போலி ஆணைகளை அனுப்பினர். கோரிய தொகை சுமார் 95 கோடி டாலர். அனுப்புநர் அடையாளம் உண்மையானதாகவே இருந்ததால் ஐந்து ஆணைகள் நிறைவேறின. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர், பெறுநர் பெயரிலிருந்த எழுத்துப்பிழையை வங்கியாளர்கள் கவனித்ததால் மீண்டது. எந்த அமைப்பின் பெயரில் செய்தி வருகிறது என்பதைக் குறியீடு சொல்லும். விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவர் யார் என்பதைச் சொல்லாது.

அரசியலும் இந்த அடையாளத்தைத் தொட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைகளை ஒட்டி 2012-இல் ஈரானிய வங்கிகளும், 2022 மார்ச்சில் ஏழு ரஷ்ய வங்கிகளும் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டன. ஒரே வங்கியின் ஆதிக்கத்தைத் தவிர்க்கப் பிறந்த பொது ஏற்பாடு, அரசுகளின் கையில் வலிய கருவியாயிற்று.

முடிவுரை

நகரைச் சுட்டிய எழுத்துகள் இன்று அமைப்பை மட்டுமே சுட்டுகின்றன. பணம் அனுப்புகிறவர்களுக்கு இதனால் ஒரு நடைமுறை உண்மை தெளிவாகிறது: சரியான குறியீடு செய்தியை உரிய வங்கியில் சேர்க்கும், பணம் உரியவரை அடைவது கணக்கு எண்ணையும் பெயரையும் பொறுத்தது. ஆய்வாளர்களுக்கு இவ்வரலாறு இன்னொன்றையும் உணர்த்துகிறது. இந்த அடையாளத்தின் மதிப்பு அனைவரும் அதை ஏற்றுக்கொண்டதால் வந்தது. எனவே அதை வழங்கும், விலக்கும் அதிகாரத்தை வெறும் தொழில்நுட்ப நிர்வாகமாகக் கருதாமல், பொது விவாதத்துக்குரிய ஆட்சியதிகாரமாகவே கருத வேண்டும்.