எடோ நகரத்து வெள்ளைச் சோறு

"இங்கே எங்கே சாப்பாடு நல்லா இருக்கும்?"

புது ஊருக்கு வேலைக்கோ படிப்புக்கோ போகிற எவரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி இது. சொந்த ஊரில் இருக்கிறவர் இதைக் கேட்பதில்லை. அவருக்கு வீட்டில் அடுப்பு எரிகிறது. எனவே இந்தக் கேள்வியின் வரலாற்றைத் தேட வேண்டுமென்றால், வெளியூர்க்காரர்கள் நிறைந்த ஒரு நகரத்தைத் தேட வேண்டும். கையில் கொஞ்சம் காசும், வீட்டில் சமைக்க ஆளும் இல்லாத ஆண்கள் கூட்டமாக வாழ்ந்த நகரம். அப்படி ஒன்று ஜப்பானில் இருந்தது. அதன் அன்றைய பெயர் எடோ. 1868-ல் அதற்கு டோக்கியோ என்று பெயர் மாற்றினார்கள்.

எடோக்காரர்கள் சோற்றை எப்படிச் சம்பாதித்தார்கள், எங்கே சாப்பிட்டார்கள், எந்தக் கடையை யாருக்குச் சிபாரிசு செய்தார்கள், கடைசியில் அந்தச் சோறு அவர்களை என்ன செய்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அரிசிதான் சம்பளம்

அந்தக் கால ஜப்பானில் அரிசி வெறும் உணவு இல்லை. அதுதான் வரி, அதுதான் சம்பளம், அந்தஸ்தை அளக்கும் கோலும் அதுதான். அளவின் பெயர் கோகு. ஒரு கோகு என்பது சுமார் 180 லிட்டர், எடையில் ஏறக்குறைய 150 கிலோ அரிசி. ஒரு ஆளுக்கு ஒரு வருஷச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளும் கணக்கு. ஒரு சிற்றரசர் எவ்வளவு பெரியவர் என்பதை அவர் நிலம் எத்தனை கோகு விளையும் என்பதை வைத்தே சொன்னார்கள். கீழ்மட்டச் சாமுராய்க்கு "ஒரு ஆள் படி" என்றால் நாளொன்றுக்கு 5 கோ, அதாவது சுமார் 750 கிராம் அரிசி.

சம்பளத்தை மூட்டையாக வாங்கினால் செருப்பும் துணியும் எதை வைத்து வாங்குவது? அங்கேதான் வியாபாரி வருகிறார். எடோவில் அசகுசா பக்கத்தில் குராமாயே என்ற இடத்தில் அரசாங்க நெற்களஞ்சியங்கள் இருந்தன. வருஷத்தில் மூன்று தவணையாக அங்கே அரிசி கொடுப்பார்கள். சாமுராய்க்காக அதை வாங்கி, விற்று, கமிஷன் எடுத்துக்கொண்டு காசாகக் கொடுத்த தரகர்களுக்கு ஃபுதாசாஷி என்று பெயர். 1724-ல் 109 பேருக்கு இந்த உரிமை கொடுக்கப்பட்டது. போகப் போக, அடுத்த தவணை அரிசியை அடமானமாக வைத்துக் கடனும் கொடுத்தார்கள். வாள் வைத்திருந்தவர் கடன்காரர், தராசு வைத்திருந்தவர் பணக்காரர். 1789-ல் அரசாங்கமே தலையிட்டு சாமுராய்களின் பழைய கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது!

இதே காலத்தில் ஒசாகாவின் தோஜிமா சந்தையில் மூட்டையைக் கண்ணால் பார்க்காமலே, கணக்குப் புத்தகத்தில் மட்டும் அரிசியை முன்கூட்டி வாங்கி விற்றார்கள். 1730-ல் அரசு அதை அங்கீகரித்தது. உலகின் முதல் முன்பேர வணிகச் சந்தை என்று பலரும் குறிப்பிடுவது இதைத்தான். வணிகவியல் வகுப்பில் "ஃப்யூச்சர்ஸ்" என்றவுடன் சிகாகோவை நினைக்கிறோம். அதற்கு நூறு வருஷம் முன்பே இங்கே நடந்துவிட்டது.

அடுப்பில்லாத ஊர்

1635-ல் ஷோகன் ஒரு சட்டம் போட்டார். ஒவ்வொரு சிற்றரசரும் குறிப்பிட்ட காலம் எடோவில் வந்து தங்க வேண்டும், மனைவி மக்களை அங்கேயே நிரந்தரமாக விட்டு வைக்க வேண்டும். கலகம் செய்யாமல் இருக்கப் பிணை! சிற்றரசர் வந்தால் கூடவே நூற்றுக்கணக்கில் வீரர்கள், வேலைக்காரர்கள். அவர்களுக்கு வேலை செய்யத் தச்சர்கள், கொத்தர்கள், கூலிகள். பதினெட்டாம் நூற்றாண்டில் எடோவின் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டியது. 1721-ல் எடுத்த கணக்கில், சாமுராய்களைச் சேர்க்காமல், நகரவாசிகள் மட்டும் சுமார் 5 லட்சம் பேர். அதில் ஆண்கள் 3 லட்சத்து 23 ஆயிரம். பெண்கள் 1 லட்சத்து 78 ஆயிரம்.

இந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே ஹோட்டல் தொழில் ஏன் வளர்ந்தது என்று புரிந்துவிடும்.

1657-ல் எடோவில் பெரும் தீவிபத்து. நகரத்தின் பெரும்பகுதி எரிந்து போனது. ஊரைத் திரும்பக் கட்ட வெளியூர்களிலிருந்து தொழிலாளர்கள் குவிந்தார்கள். அந்தத் தீக்குப் பிறகுதான் அசகுசா கோயில் அருகே தேநீரில் வேகவைத்த சோறு, தோஃபு சூப், கொஞ்சம் காய், பயறு என்று ஒரு செட்டாகக் கொடுக்கும் கடைகள் வந்தன. எடோவில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடும் கடைகளின் ஆரம்பமாக இதைச் சொல்கிறார்கள். நம்ம ஊர் "அளவுச் சாப்பாடு" மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சொல்லவா வேண்டும்? வறுத்த விலாங்கு மீன், தெம்புரா, 1820-களில் கையால் பிடித்துக் கொடுக்கும் சுஷி என்று தெருவெல்லாம் கடை. 1804 கணக்குப்படி எடோவில் 6,000-க்கும் மேற்பட்ட சாப்பாட்டுக் கடைகள்.

மல்யுத்தப் பட்டியலில் ஹோட்டல்கள்

இத்தனை கடை இருந்தால் எதற்குப் போவது? நண்பன் சொல்வான். ஆனால் நண்பனும் நேற்று வந்த வெளியூர்க்காரன்தான். அதனால் ஒரு புது அச்சுத் தொழில் பிறந்தது.

சுமோ மல்யுத்தப் போட்டிக்கு முன்னால் வீரர்களின் தரவரிசையை ஒரே தாளில் அச்சடித்து விற்பார்கள். அதற்குப் பன்ஸுகே என்று பெயர். கிழக்கு அணி ஒரு பக்கம், மேற்கு அணி ஒரு பக்கம். பெரிய வீரர் பெயர் பெரிய எழுத்தில் மேலே, போகப் போகப் பொடி எழுத்தில் கீழே. இதே வடிவத்தில் ஹோட்டல்களுக்கும் பட்டியல் போட்டுவிட்டார்கள்! அன்றைய சுமோவில் உச்சப் பட்டம் ஓசெகி. ஆக, இந்த வருஷம் கிழக்கு ஓசெகி எந்தக் கடை, மேற்கு ஓசெகி எந்தக் கடை என்று ஊரே விவாதிக்கும். 1852-ல் விலாங்கு மீன் கடைகளுக்கு மட்டுமே தனிப் பட்டியல் வந்தது. அதில் 200-க்கும் மேற்பட்ட கடைகள்.

1824-ல் "எடோவில் பொருள் வாங்கத் தனியாள் வழிகாட்டி" என்ற பொருள்படும் பெயரில் ஒரு கையேடு வந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர் யாரையும் கேட்காமல் கடை தேடிப் போகலாம். சுமார் 2,600 கடைகளின் பெயர், முகவரி, சரக்கு விவரம். அதில் ஒரு பகுதி முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். அதை அச்சிட்டவர் எடோக்காரர் அல்ல, ஒசாகாக்காரர்! வெளியூர்க்காரனின் தேவை வெளியூர்க்காரனுக்குத்தானே தெரியும்.

பட்டியல்களில் எப்போதும் தனியிடம் பிடித்த பெயர் ஒன்று உண்டு. யாவோசென். 1859-ல் வந்த ஒரு பட்டியலில் அதைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. போட்டியை நடத்துபவரின் பெயர் வரும் நடு இடத்தில் வைத்துவிட்டார்கள். அதன் முதலாளி 1822 முதல் தன் சமையல் நூலையே பல பாகங்களாக வெளியிட்டார். படம் வரைந்தவர்களில் ஒருவர் ஹொகுசாய். ஆமாம், அந்தப் புகழ்பெற்ற "பேரலை" ஓவியம் வரைந்தவரேதான்.

யாவோசென் பற்றி அந்தக் காலத்திலிருந்தே ஒரு கதை உலவுகிறது. சில நண்பர்கள் போய், "நன்றாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. சோற்றில் தேநீர் ஊற்றிக் கொடுங்கள், ஊறுகாய் போதும்" என்றார்களாம். அரை நாள் காக்க வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பில் 1 ரியோ 2 பு! தேநீருக்கு ஏற்ற தண்ணீர் எடுக்கத் தொலைவிலுள்ள ஆற்றுக்கு ஆள் அனுப்பினோம், அதனால்தான் இவ்வளவு என்று பதில் வந்ததாம். ஒரு ரியோவுக்கு ஒரு கோகு அரிசி என்பது அந்தக் காலத்துத் தோராயக் கணக்கு. அதாவது, ஒரு ஆள் ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிடுகிற அரிசியின் விலை ஒரு கிண்ணம் தண்ணீர்ச் சோற்றுக்கு. கதை எவ்வளவு உண்மையோ, பெயரும் இடமும் சேர்ந்தால் சோற்றின் விலை எங்கே போகும் என்று எடோக்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

எடோ நோய்

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி.

கிராமத்தில் நெல் விளைவித்தவர் அரிசியை வரியாகக் கொடுத்துவிட்டு, பார்லி, திணை போன்றவற்றைக் கலந்து சாப்பிட்டார். எடோவிலோ தவிடு போகத் தீட்டிய வெள்ளை அரிசி கூலிக்காரனுக்கும் கிடைத்தது. "மூணு வேளையும் வெள்ளைச் சோறு" என்பதே நகரத்துக்கு வந்ததன் பெருமை. சோறு நிறைய, தொட்டுக்கொள்ளக் கொஞ்சமே கொஞ்சம்.

இப்படி வந்தவர்களில் பலருக்குக் கால் மரத்தது, வீங்கியது, நடக்க முடியவில்லை, சிலருக்கு இதயம் நின்றது. ஊருக்குத் திரும்பிப் போனால் தானாகவே சரியானது. எனவே இதற்கு "எடோ நோய்" என்றே பெயர் வைத்தார்கள். இன்று அதன் பெயர் பெரிபெரி. வைட்டமின் பி1 குறைவதால் வருவது. அந்த வைட்டமின் இருப்பது அரிசியின் தவிட்டிலும் முளையிலும். எதை அழுக்கு என்று நீக்கினார்களோ அதில்தான் உயிர் இருந்தது. இது ஏழைக்கு மட்டும் வந்த நோயும் அல்ல. ஷோகன் தொகுகாவா இயெமொச்சி 1866-ல் இதே நோயால் இறந்தபோது அவருக்கு வயது இருபதுதான்.

கவனியுங்கள், எந்தத் தரவரிசைத் தாளிலும் இதைப் பற்றி ஒரு வரி வர வாய்ப்பில்லை. ஒவ்வொரு கடையின் சோறும் தனியாகப் பார்த்தால் அருமையான சோறுதான். கெடுதல் எந்த ஒரு கடையிலும் இல்லை. எல்லாக் கடையும் எல்லா வீடும் சேர்ந்து ஒரே வெண்மையை உயர்வு என்று நினைத்ததில் இருந்தது.

ஆனால் பட்டியலுக்கு வெளியே, வாய்வழியாக ஒரு சிபாரிசு ஓடிக்கொண்டிருந்தது. "ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இரு" என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். சில நாட்டு மருத்துவர்கள் அரிசியை விட்டுப் பார்லியும் பயறும் சாப்பிடச் சொன்னார்கள். எடோவாசிகளுக்கு இன்னொரு பிரியமான உணவும் இருந்தது, சோபா (உட்காருகிற சோபா இல்லை!). பக்வீட் என்ற தானிய மாவில் செய்யும் நூடுல்ஸ். நீண்ட காலம் ஒரு கிண்ணம் 16 மோன் காசுதான். 1860-ல் எடோவில் 3,700-க்கும் மேற்பட்ட சோபா கடைகள் இருந்தன. அந்தத் தானியத்தில் பி1 நிறைய உண்டு என்பது அன்று யாருக்கும் தெரியாது.

கப்பலும் படையும்

1882-83-ல் ரியூஜோ என்ற ஜப்பானியக் கடற்படைக் கப்பல் நீண்ட பயணம் போனது. 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி, 25 பேர் சாவு. கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ, 1884-ல் இன்னொரு கப்பலை அதே வழியில் அனுப்ப வைத்தார். உணவை மட்டும் மாற்றினார். இறைச்சி, பயறு போன்றவற்றைக் கூட்டினார். ஒருவர்கூடப் பெரிபெரியால் சாகவில்லை. புரதக் குறைவுதான் காரணம் என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் வழி சரி. பிறகு கடற்படையில் பார்லி கலந்த சோறு வந்தது.

தரைப்படை மட்டும் கேட்கவில்லை. இது கிருமி நோய் என்று பிடிவாதம் பிடித்த ராணுவ மருத்துவர்களில் புகழ்பெற்ற எழுத்தாளர் மோரி ஓகாயும் ஒருவர். வீரனுக்கு வெள்ளைச் சோறு போடுவதுதான் மரியாதை என்ற எண்ணமும் இருந்தது. 1904-05 ரஷ்யப் போரில் பெரிபெரியால் மட்டும் 27,000 வீரர்கள் இறந்தார்கள். எதிரி சுடவில்லை, சோறு கொன்றது. 1910-ல்தான் சுசுகி உமெதாரோ தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்.

நம்மவர்களும் இந்தக் கதையில் வருகிறார்கள். பிரிட்டிஷ் மலாயாவில் பச்சரிசியைத் தீட்டிச் சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் செத்துக்கொண்டிருந்தபோது, தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். காரணம் அவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிராடன் என்ற மருத்துவர் 1907-ல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். ஃப்ரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் சுமார் 300 ஜாவாத் தொழிலாளர்களை வைத்துச் சோதித்து அதை உறுதி செய்தார்கள். புழுங்கல் அரிசி கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், ஒரு வாடை இருக்கும், விருந்துக்கு அவ்வளவு எடுப்பாக இருக்காது. எந்தப் பட்டியலிலும் அதற்கு ஓசெகி பட்டம் கிடைக்காது!

சரி, என்ன தெரிகிறது?

ஜப்பானில் 2005-ல் தாபெலாக் என்ற உணவகத் தரவரிசை வலைத்தளம் வந்தது. 2007-ல் மிஷெலின் முதல் டோக்கியோ கையேடு வெளியானது. 150 கடைகளுக்கு 191 நட்சத்திரங்கள், பாரிஸையே மிஞ்சிவிட்டது. உலகமே ஆச்சரியப்பட்டது. எடோவின் பன்ஸுகே தாள்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் குறைவுதான்.

பொருளாதாரப் பாடத்தில், விலை என்பது ஒரு செய்தி என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். உண்மை. ஆனால் மக்கள் எதை விரும்புகிறார்கள் என்ற செய்தி மட்டுமே அதில் இருக்கிறது, எது அவர்களுக்கு நல்லது என்பது இல்லை. எடோவில் தவிடு போன அரிசிக்குத்தான் விலை கூட. தரவரிசையும் அப்படித்தான். ஊர் எதன் பின்னால் ஓடுகிறது என்று அது துல்லியமாகச் சொல்லும்.

நண்பனின் சிபாரிசு வேறு ஜாதி. அவனுக்கு உன் பர்ஸ் தெரியும், உன் வயிறு தெரியும், நேற்று நீ என்ன சாப்பிட்டாய் என்றும் தெரியும். "அங்கே சூப்பரா இருக்கும்" என்று மட்டுமல்ல, "போதும், இனி கொஞ்ச நாள் வேற ஏதாவது சாப்பிடு" என்றும் சொல்ல அவனால்தான் முடியும். கால் வீங்கிய ஒரு தச்சனிடம் "ஊருக்குப் போடா" என்று சொன்ன பெயர் தெரியாத எடோக்காரன், பெரிய மருத்துவர்களுக்கு முன்பே சரியான மருந்தைச் சொல்லியிருக்கிறான்.