வயிற்றைக் கலக்கும் மாத்திரையின் கதை

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவரின் கணவனுக்கோ மனைவிக்கோ அந்த மாத்திரையின் இன்னொரு முகமும் தெரிந்திருக்கும். வயிற்றுப்போக்கு, குமட்டல், வாயு... பஸ்ஸில் வெளியூர் போகவே யோசிக்க வேண்டியிருக்கும்!

இதன் கதை ஐரோப்பாவின் கலேகா என்ற செடியில் தொடங்குகிறது. அதில் உள்ள குவானிடின் வகைப் பொருள் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். 1922-ல் டப்ளினில் வெர்னரும் பெல்லும் மெட்ஃபார்மினைத் தயாரித்தார்கள். இன்சுலின் முதன்முதலில் நோயாளிக்குப் போடப்பட்டதும் அதே ஆண்டுதான். எல்லோர் கவனமும் அந்தப் பக்கம் போய்விட்டது. 1957-ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன்தான் இதை சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்திக் காட்டினார்.

அதன் பிறகும் சோதனை தீரவில்லை. இதே வகையைச் சேர்ந்த ஃபென்ஃபார்மின் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றியதால் 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. மெட்ஃபார்மினுக்கு அங்கே 1994-ல்தான் அனுமதி கிடைத்தது. 1998-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, எடை கூடிய நோயாளிகளுக்கு இது மாரடைப்பையும் மரணத்தையும் குறைக்கிறது என்று காட்டியது.

வயிற்றுத் தொல்லைக்கும் வழி உண்டு. 500 மி.கி. போலக் குறைந்த அளவில் தொடங்குவது, சாப்பாட்டோடு சேர்த்து எடுப்பது, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுவது. அப்படியும் முடியாதவர்களுக்கு, மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் மாத்திரை இருக்கிறது. அமெரிக்காவில் அது 2000-ல் அனுமதி பெற்றது.

ஆனால் தொல்லை தாங்காமல், யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. தீராத மாத்திரை அட்டை முதலில் துணையின் கண்ணில்தான் படும். அப்போது தேவை திட்டு அல்ல, டாக்டரிடம் கூடவே போய் வயிற்றுப்போக்கைக் கூச்சமில்லாமல் சொல்வதுதான்!