குற்றப் பரம்பரை முத்திரை (அந்தமான்)

அந்தமானில் கைதிகளின் வழிவந்தவர்கள்மீதும் பாந்து இனத்தவர்மீதும் சுமத்தப்பட்ட பிறவிப் பழி. ஏழைக் குடும்பங்களின் ரத்தத்திலேயே குற்றம் ஊறிக்கிடக்கிறது என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் பரவியிருந்தது. அமெரிக்காவில் ரிச்சர்ட் டக்டேல் 1877இல் வெளியிட்ட 'ஜூக்ஸ்' ஆய்வு, நியூயார்க் மாநிலத்து ஏழை வெள்ளையர் வம்சமொன்றைத் தலைமுறை வாரியாக அடுக்கிக் காட்டியது. வளர்ந்த சூழலையும் அவர் காரணமாகச் சொன்னார். பின்வந்தவர்கள் ரத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். இந்தியாவிலோ 1871இலேயே அது குற்றப் பரம்பரைச் சட்டமாகிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்குக் கைரேகைச் சட்டம் என்று பெயர்.

1858 மார்ச்சில் 200 கைதிகளுடன் போர்ட் பிளேர் குடியேற்றம் தொடங்கியது. ஒழுங்காக நடந்துகொண்ட ஆண்களுக்குப் பெண் கைதிகளை மணந்து பயிர்செய்து பிழைக்க அனுமதி கிடைத்தது. மாப்பிள்ளை ஒரு சாதி, பெண் வேறு சாதி. பிறந்த பிள்ளைகள் 'லோக்கல் பார்ன்'. குற்றம், சாதிக் கலப்பு என இரண்டு கறை அவர்கள்மேல்.

இந்தப் பார்வை கதைகளிலும் தெரிந்தது. ஆர்தர் கானன் டாயிலின் 'நால்வர் குறி' (1890) நாவலில் அந்தமான் கைதி ஜொனாதன் ஸ்மால் ஏழை வெள்ளையன். அவனுடைய குடும்பம் கௌரவமான விவசாயக் குடும்பம். வழிதவறியவன் அவன் ஒருவனே. அவனோடு வரும் அந்தமான் பழங்குடியான டோங்காவின் கொடூரமோ இனத்துக்கே உரியதாகக் காட்டப்படுகிறது. பாரபட்சம் இதைவிடத் தெளிவாக வெளிப்பட முடியாது.

குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் வந்த பாந்து மக்கள் 1926 முதல் ஐக்கிய மாகாணத்திலிருந்து குடும்பங்களாக அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டனர். பேர்போன கொள்ளைக்காரன் சுல்தானா இந்த இனத்தவன். சுல்தானாவைப் பற்றிப் பரிவோடு எழுதிய ஜிம் கார்பெட்டின் 'மை இந்தியா' நூல் வெளியான 1952இல்தான் அந்தச் சட்டமும் நீங்கியது.

விடுதலைப் போராளிகள் அடைபட்டிருந்த போர்ட் பிளேர் செல்லுலார் சிறை 1979இல் தேசிய நினைவகமானபின் காற்று திசை மாறியது. கைதியின் பேரன் தியாகியின் பேரனானான். உண்மையில் அச்சிறையின் அரசியல் கைதிகளில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டனர். தீவில் வேர்விட்டவர்களில் பெரும்பாலோர் கொலை, கொள்ளை வழக்கில் வந்தவர்களே. 1942க்கு முன் குடியேறிய லோக்கல் பார்ன், பாந்து மக்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடும் கிடைத்தது.

இளக்காரம் இப்போது வேறு பக்கம். காடு வெட்ட 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து வந்த ஓராவன், முண்டா, கரியா தொழிலாளர்களை ஒட்டுமொத்தமாக 'ராஞ்சி' என்கிறார்கள். சொந்த ஊரில் பழங்குடியினரான இவர்கள் தீவில் அப்படி இல்லை. தீவுகளுக்கான 1959 பழங்குடியினர் ஆணையின் பட்டியலில் இருப்பவை தீவுகளின் ஆதிக்குடிகள் மட்டுமே.